பதினாலு பேரும் ஒரு பொன்னாடையும்

மங்கள விளக்கில் ஐந்து திரி இருந்தது. நாங்கள் பதினாலு பேர் இருந்தோம். எங்கள் ஒன்றியத்தின் முதல் நிர்வாக சபை, வேலை தொடங்க முன்னரே அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

சூரிச்சுக்குப் பக்கத்தில், டீட்டிகோனில் ஒரு தேவாலய மண்டபத்தை அரை நாளுக்கு எடுத்திருந்தோம். சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் தமிழ்க் கடைக்காரர்கள் தனித்தனியாகக் கொள்வனவுச் சங்கம் வைத்திருந்தார்கள். அந்த மூன்றையும் உருக்கி ஒன்றாக்கிய பிறகு நடந்த முதல் கூட்டம் அது. தனியாக வாங்கினால் அரிசிக்கும் மாவுக்கும் மொத்த வியாபாரி சொல்வதுதான் விலை. சேர்ந்து வாங்கினால் நாங்களும் வாய் திறக்கலாம். அதற்காகத்தான் சேர்ந்தோம். ஆனால் சங்கங்கள் சேர்ந்த வேகத்தில் கதிரைகள் சேரவில்லை. மூன்று தலைவர், மூன்று செயலாளர், மூன்று பொருளாளர், அதற்கு மேல் உபதலைவர்கள். ஒருவரை விட்டால் அவருடைய மனைவியின் சகோதரங்கள் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே "இப்போதைக்கு" என்று சொல்லி எல்லாரையும் உள்ளே போட்டோம். ஒரு வருடத்தில் பதினாலை ஒன்பதாகக் குறைப்பது என்று ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் எழுதினோம். யார் அந்த ஐந்து பேர் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

கடைசியில் ஒரு திரிக்கு மூன்று பேர், மிஞ்சின திரிக்கு இரண்டு பேர் என்று பிரித்து, கையோடு கை முட்ட ஏற்றினார்கள். மண்டபத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரர் கூரையில் இருந்த புகைக் கருவியைப் பார்ப்பதும் விளக்கைப் பார்ப்பதுமாக நின்றார். பிறகு பொறுக்க முடியாமல் எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டார். கார்த்திகை மாதக் குளிர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஜக்கெற்றைக் கழற்றாமலே இருந்தேன். எனக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. பதினாலு பேரில் பெண் என்று நான் ஒருத்திதான். வின்டர்தூரில் கடை வைத்திருக்கிறேன், கடையை என் கணவரும் நானுமாகப் பார்க்கிறோம். சபைக்கு இவரைத்தான் கேட்டார்கள். இவர் கூட்டம் என்றால் கொட்டாவி விடுகிற மனிதர். "நீர் போம், உமக்குத்தான் வாய் இருக்கு" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

ஒரு விஷயத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். இந்த நாட்டு அரசாங்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமல் எத்தனை காலமாகத் தள்ளி நிற்கிறது. அரிசி மூட்டைக்காரர்கள் நாங்கள் ஒரே மாலையில் சேர்ந்துவிட்டோம்.

மூன்று தலைவர்களில் ஒன்றியத்துக்குத் தலைவராக வந்தவர் பாரிஸில் இரண்டு கடை வைத்திருப்பவர். தேன் தடவின மாதிரிக் கதைப்பார். விளக்கேற்றிய கையோடு எங்களை எழுப்பி நிறுத்திச் சத்தியம் வாங்கினார்.

"இந்தக் கதவுக்குள்ள வந்தாப் பிறகு சுவிஸ்காரர், ஜெர்மன்காரர், பாரிஸ்காரர் எண்டு ஒருத்தரும் இல்லை. சொந்த நாட்டுக்காகவும் கதைக்கக் கூடாது, சொந்த ஆக்களுக்காகவும் கதைக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவா எது நல்லதோ அதுதான். சபை அறிவிக்குமட்டும் இஞ்ச கதைச்சது வெளியில போகவும் கூடாது."

எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. எங்கள் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் ஊர் பார்த்து, உறவு பார்த்துத்தான் முடியும். இதாவது வேறு மாதிரி இருக்கட்டும் என்று மனதார நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால், மூன்று பழைய சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களும் கலைக்கப்படாமல் அப்படியே இருந்தன. சத்தியம் செய்த கை காய முதல் ஒவ்வொருவரும் தங்கள் குழுவில் விளக்கம் எழுதத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் அன்றே சுவிஸ் குழுவை விட்டு வெளியேறினேன். "என்ன அக்கா, கோபமோ?" என்று நாலு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்.

இங்கே அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணை என்றால் என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு முன்னமே அகதியாக வந்து, சுவிஸ் மலைப்பக்கம் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, என்னை இங்கே எடுத்தவர். பிறகு டீட்டிகோனுக்கு வந்து, சுவிஸ் சங்கத்துக்கு ஒரு களஞ்சியத்தை உண்டாக்கினார். நாங்கள் அதை லாகர் என்றுதான் சொல்வோம், ஜெர்மன் சொல்லே வாயில் ஒட்டிவிட்டது. சூரிச் விமான நிலையத்தில் இறங்கும் மரக்கறிப் பெட்டிகள் அங்கே வரும். வெள்ளிக்கிழமை காலையில் பேர்ணிலிருந்தும் பாசலிலிருந்தும் கடைக்காரர்கள் வான் வண்டியில் வந்து தங்கள் தங்கள் பெட்டிகளை எடுத்துப் போவார்கள். தொடக்கத்தில் அது ஒரு பழைய மெக்கானிக் கொட்டகை. நிலத்தில் ஒயில் கறை. அதைத் தேய்த்துக் கழுவி, குளிர் அறை பூட்டி, படி கட்டி எல்லாம் அண்ணைதான். சங்கத்தின் சம்பள ஆள்தான் அவர். ஆனால் ஆர் கேட்டாலும் "என்ர லாகர்" என்றுதான் சொல்வார்.

அங்கே அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் வேலை செய்த ஹோட்டல் ஒருமுறை பழைய கம்பளிப் போர்வைகளை எறியப் பார்த்தது. மண்ணிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. அண்ணை போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். குளிர் காலத்தில் ஒருவருடைய கீரைப் பெட்டியையும் அவர் மூடாமல் வானில் ஏற்ற விடமாட்டார். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒரு பனிக் காற்றுக்கே கறுத்துப்போகும். போர்வையைத் தானே இழுத்து மூடி, நாலு மூலையும் செருகி, வானின் கதவை அடித்துச் சாத்திவிட்டுச் சொல்வார்:

"வாற வெள்ளி போர்வை திரும்பி வர வேணும். விளங்கிச்சோ?"

நாங்களும் "ஓம் ஓம், வாற வெள்ளி கொண்டு வாறன்" என்போம். கொண்டு வராதவனுக்கு அடுத்த வெள்ளி எல்லார் முன்னாலும் அர்ச்சனை நடக்கும். தங்கச்சி என்று எனக்கும் சலுகை இல்லை.

அதே மாதக் கடைசியில் நடந்த இரண்டாவது கூட்டத்திலேயே லாகர் மேசைக்கு வந்தது. ஜெர்மன் சங்கத்திலிருந்து ஒன்றியத்துக்குச் செயலாளராக வந்தவர், வறண்ட மனிதர், சிரிக்கவே மாட்டார், சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஒன்றியத்துக்கு ஒரே பொது லாகர் போதும். அது சுவிஸில் இருக்க முடியாது. இங்கே இறங்கும் பெட்டி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போக மறுபடி எல்லை தாண்ட வேண்டும், சுங்கத்தில் கிடந்து காய வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனிக்குள் சிறிது தூரத்தில் வைத்தால் இரண்டு நாட்டுக்கு எல்லையே இல்லை, சுவிஸுக்கு மட்டும் ஒரு லொறி ஒருமுறை வந்தால் சரி. டீட்டிகோன் லாகரை மாசியோடு மூடலாம்.

அவர் சொல்லி முடித்ததும் ஒருவரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் எழும்பி வெளியே நடைக்குப் போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து குடித்தேன். தாகம் இருக்கவில்லை. அண்ணைக்கு அறுபது நெருங்குகிறது. பென்சனுக்கு இன்னும் வருடங்கள் கிடக்கின்றன. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இந்த வயதில் ஆர் அவரை வேலைக்கு எடுப்பான்? அதைவிட, லாகர் இல்லாத அண்ணையை எனக்குக் கற்பனை பண்ணவே முடியவில்லை. ஆனால் அந்த வறண்ட மனிதர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு பிழையாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இல்லையே! அதுதான் எனக்கு ஆத்திரம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "ஆதரவானவை கை தூக்குங்கோ" என்றார் தலைவர். மற்ற சுவிஸ்காரர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நான் தூக்கினால் தாங்களும் தூக்கலாம் என்று காத்திருந்தார்கள். நான் தூக்கினேன். பிறகு பதினாலு கையும் எழும்பியது.

"எனக்கு ரெண்டு விஷயம் சொல்லக் கிடக்கு" என்றேன். "ஒண்டு, புது லாகர்ல அண்ணைக்கு ஒரு வேலை குடுக்கிறதை யோசிக்க வேணும். தங்கச்சி எண்டு கேக்கேல்லை. அவரைவிட மரக்கறி தெரிஞ்ச ஆள் உங்களிட்ட இல்லை."

"பாப்பம், பாப்பம்" என்றார் தலைவர்.

எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னேன்.

"ரெண்டாவது, இதை அவருக்கு நான் போய்ச் சொல்ல ஏலாது. வெளியில கதைக்கிறேல்லை எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன். சபை எடுத்த முடிவைச் சபைதான் சொல்ல வேணும். தலைவரும் செயலாளரும் நேர போய், அவருக்கு முன்னால இருந்து, முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. வேற ஆற்றையும் வாயால அவர் கேக்கக் கூடாது."

"அதென்ன தங்கச்சி, கட்டாயம். நாளைக்கே போறம். அவரென்ன வேற ஆளே?" என்றார் தலைவர். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சத்தியத்தில் இவருக்கு விதிவிலக்கு நானே கொடுத்துக்கொண்டேன். இவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "நீர் கை தூக்காமலாவது விட்டிருக்கலாம்" என்றார். "அப்ப என்னத்துக்கு விளக்குக் கொளுத்தினனான்?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு அழுகையும் வந்தது.

அடுத்த வெள்ளி லாகருக்கு, சொல்லியிருப்பார்கள், அண்ணை என் மூஞ்சியில் விழிக்கமாட்டார் என்று தயாராகப் போனேன். அண்ணை ஏணியில் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, இந்த மூலையைப் பார். ரெண்டாவது குளிர் அறை இதில நிக்கும். இனி நாங்கள் பெரிய ஒன்றியமெல்லே, இந்த ஒரு அறை காணுமோ?"

"சபையிலிருந்து ஒருத்தரும் வந்தவையோ அண்ணை?" என்று சாடையாகக் கேட்டேன். "இல்லையே, என்னத்துக்கு?" என்றார். வெளியே வந்து வானுக்குள் இருந்தபடி தலைவருக்குப் போன் அடித்தேன்.

"சொல்லேல்லையோ இன்னும்?"

"சொன்ன மாதிரித்தான் தங்கச்சி. செயலாளர் ஜாடைமாடையாச் சொல்லியிருப்பார்."

செயலாளருக்கு அடித்தேன். தலைவர் சொல்லிவிட்டார் என்று தான் நினைத்ததாகச் சொன்னார். மற்றவர்களை விசாரித்தால், அதில் பாதிப் பேர் நான்தான் சொல்லியிருப்பேன் என்று முடிவே கட்டியிருந்தார்கள். "கூடப்பிறந்த நீங்கள் சொல்லாமலோ அக்கா?" பதினாலு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டிருக்கிறார்கள். எங்கள் சனத்துக்கு முகத்துக்கு நேரே ஒரு கெட்ட செய்தி சொல்ல வராது. கலியாணம் குழம்பினாலும் மூன்றாம் ஆள்தான் சொல்ல வேண்டும்.

மார்கழி முழுவதும் நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடையில் அடுக்கின தகரங்களையே மறுபடி அடுக்கினேன். ரயிலில் இருந்தால் இரண்டு தரிப்புக்கு முன்னரே எழும்பிக் கதவடியில் நின்றேன். ஒவ்வொரு வெள்ளியும் அண்ணையின் முகத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு வெள்ளியும் அதே முகம். நானே சொல்லிவிடுவோமா என்று வாய் வரைக்கும் வரும். சத்தியமாவது மண்ணாவது என்று தோன்றும். பிறகு, நான் சொன்னால் அவர்கள் தப்பிவிடுவார்கள், இந்த ஒரு காரியத்தையாவது அவர்கள் செய்யட்டும் என்று பிடிவாதம் வரும். பயமும் இருந்தது. பிடிவாதம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தை மாதம் ஒன்றியத்தின் முதல் பொங்கல் விழா வின்டர்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணி, அண்ணையின் மனைவி, எனக்குப் போன் எடுத்தாள். குரலில் பூரிப்பு.

"கேள்விப்பட்டனீரோ மச்சாள்? உம்மட அண்ணருக்குப் பொன்னாடை போத்துப் பாராட்டப் போயினமாம். தலைவரே எடுத்துச் சொன்னவர். நான் சீலை வாங்க வேணும்."

எனக்கு விளங்கிவிட்டது. எங்களிடம் ஒருவருக்குப் பொன்னாடை வருகிறது என்றால் ஒன்றில் அவர் எங்கேயோ ஏறுகிறார், அல்லது இறக்கப்படுகிறார். தலைவருக்கு அடித்தேன். "முதல்ல ஆளை நல்லாக் கௌரவிப்பம் தங்கச்சி. மனம் குளிர்ந்திருக்கேக்க, சாப்பாட்டு நேரத்தில பக்குவமாச் சொல்லுவம். விழா முடிய முன்னம் சொல்லாமல் விடமாட்டன், இது சத்தியம்" என்றார். "அறுக்கப்போற ஆட்டுக்கு மாலை போடுறியளோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், நான் பகிடி விட்டதாக நினைத்து.

விழாவன்று மேடையில் பதினாலு பேருக்கும் கதிரை. எனக்கும் ஒன்று. கீழே முன்வரிசையில் அண்ணையும் அண்ணியும். அண்ணை கோட் போட்டிருந்தார், முழங்கால் நோவுக்குப் பூசின தைல மணம் மேடை வரை வந்தது. பிள்ளைகளின் நடனம் முடிந்ததும் அண்ணையை மேலே அழைத்தார்கள். தலைவர் மஞ்சளில் சரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார். செயலாளர் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துக் கவிதையைக் கொடுத்தார். லாகரை அவர் எப்படி உருவாக்கினார், எத்தனை கடைகளை வாழ வைத்தார் என்று புகழ்ந்து தள்ளினார்கள். நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன்.

நிகழ்ச்சி நிரலில் ஏற்புரை இல்லை. ஆனால் அண்ணை ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"எனக்குக் கதைக்கத் தெரியாது. நீங்கள் செய்த மரியாதைக்குச் சொல்லால நன்றி சொல்ல எனக்கு வராது, வேலையாலதான் சொல்லுவன். சித்திரைக்குள்ள ரெண்டாவது குளிர் அறை போட்டிடுவன். அளவெல்லாம் எடுத்திட்டன். இனி ஜெர்மன்காரர், பாரிஸ்காரர் எல்லாரும் டீட்டிகோனுக்கு வாங்கோ. இது உங்கட லாகர். நான் இருக்குமட்டும் ஒருத்தற்ற கீரையும் வாடாது."

சபை கை தட்டியது. கீழே இருந்த சனத்தைச் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. மேடையில் இருந்த சபை, எல்லாம் தெரிந்த சபை, கை தட்டியது. தலைவர் எழும்பி நின்றே தட்டினார்.

நான் எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை. ஒலிவாங்கி இன்னும் அண்ணையின் கையில்தான் இருந்தது. கிட்டப் போய் நின்றேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் அது எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணை, லாகரை மூடப்போயினம். மாசியோட முடியுது. புது லாகர் ஜெர்மனியில. இதை உங்களுக்கு வந்து சொல்ல வேண்டிய ஆக்கள் சொல்லேல்லை. அதுதான் நான் சொல்லுறன்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அண்ணை முதலில் தலைவரைப் பார்த்தார். தலைவர் பொன்னாடை வைத்திருந்த தட்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"எப்ப எடுத்த முடிவு?" என்று என்னைக் கேட்டார்.

"கார்த்திகையில."

"ஆர் கை தூக்கினது?"

"எல்லாரும்."

"நீயும்?"

"நானும்தான் அண்ணை."

அவர் ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினார். அந்த நேரத்தில் என்னை அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு சனத்தைப் பார்த்து, "சாப்பாடு ஆறப்போகுது. எல்லாரும் எழும்பிச் சாப்பிடுங்கோ" என்றார். பொன்னாடையைக் கழற்றாமலே படியிறங்கி, அண்ணியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். முழங்காலுக்காக ஒவ்வொரு படியாகக் கால் மாற்றி வைத்து இறங்கினார்.

குசினிப் பக்கம் தலைவர் என்னை மறித்தார். "சபையின்ர மானத்தை வாங்கிப் போட்டீர் தங்கச்சி. சத்தியத்தை மீறிப்போட்டீர்."

"மானம் இருந்தாத்தானே வாங்கிறதுக்கு" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் இவர், "நீர் சொன்னது சரி, சொன்ன இடம்தான் பிழை" என்றார். "சரியான இடத்தில சொல்ல ரெண்டு மாசம் கிடந்ததே, ஆர் வந்தது?" என்று கேட்டேன். இவர் வானொலியைப் போட்டுவிட்டார். கேட்டேனே தவிர, அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு வெள்ளியும் அங்கே போய் வந்தவள் நான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தில் பொன்னாடை என்றாலே ஆட்கள் பதறுகிறார்கள். பதினாலை ஒன்பதாக்கும் நாள் நெருங்குகிறது, ஒருவரும் தாமாக எழும்புவதாக இல்லை. போன கூட்டத்துக்குத் தலைவர் ஏதோ துணிக்கடைப் பையோடு வந்தார். பேசி முடியும் வரைக்கும் எல்லார் கண்ணும் அந்தப் பையில்தான் இருந்தது. உள்ளே அவருடைய மருமகளுக்கு வாங்கின சட்டை. புது லாகர் நன்றாகத்தான் நடக்கிறது. சாமான் நேரத்துக்கு வருகிறது, விலையும் இறங்கியிருக்கிறது. செயலாளர் கணக்குப் போட்டது முழுக்கச் சரி. அது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான். அண்ணையின் வேலை விஷயத்தை இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணை டீட்டிகோனிலேயே ஒரு பொதி நிறுவனத்தில் அரை நாள் பெட்டி பிரிக்கிறார்.

லாகரின் கடைசி வெள்ளி மாசி மாதத்தில் வந்தது. விழாவுக்குப் பிறகு அண்ணை என்னோடு ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார், மூடுவார், போய்விடுவார். போர்வையைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லிச் சட்டம் பேசுவதுகூட இல்லை. நானாகவே அடுத்த வெள்ளி மடித்துக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வருவேன். அண்ணிக்குப் போன் எடுத்தால், "அவர் நித்திரை மச்சாள்" என்பாள். பட்டப்பகலில்.

அன்று நல்ல பனி. கடைக்காரர்கள் அண்ணையோடு நின்று படம் எடுத்தார்கள். சிலர் கட்டிப்பிடித்தார்கள். அண்ணை எதிலும் நிற்காமல் பெட்டி தூக்கிக்கொண்டே இருந்தார். குளிர் அறையின் கதவு திறந்து கிடந்தது, உள்ளே வெறுமை. எனக்கு நிற்கவும் முடியவில்லை, வானுக்குள் இருக்கவும் முடியவில்லை. இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன்.

என் முறை வந்தது. அண்ணை வல்லாரைப் பெட்டிகளை ஏற்றினார். ஹோட்டல் போர்வையால் மூடி நாலு மூலையும் செருகினார். பிறகு உள்ளே போய், அந்த மஞ்சள் பொன்னாடையைக் கொண்டுவந்து, போர்வைக்கு மேலே இரட்டையாக மடித்துப் போட்டு, அதையும் செருகினார்.

"அண்ணை..." என்றேன்.

"உன்ர வான் ஹீட்டர் வேலை செய்யிறேல்லை. இண்டைக்குப் பனி கூட. இலை கருகிப்போம்" என்றார். விழாவுக்குப் பிறகு அவர் என்னோடு பேசின முதல் வார்த்தைகள் அவை.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை வருடப் பழக்கம், வாய் தன்பாட்டில் வேறொன்றைச் சொன்னது.

"வாற வெள்ளி போர்வையைக் கொண்டு வாறன் அண்ணை."

அவர் வானின் கதவில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"எங்க கொண்டு வரப்போறாய்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே இடம் கேட்பது போலக் கேட்டார். அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பேர்ண் கடைக்காரரின் பெட்டியைத் தூக்கப் போனார்.